பேற்றறைக்கு வந்த ஓவியம்

இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரத்திலே பார்கெல்லோ என்றொரு நூதனசாலை உண்டு. அங்கே நீண்டு ஒடுங்கிய சலவைக்கற் பலகையொன்று வைக்கப்பட்டிருக்கிறது. லியோனார்டோ டா வின்சிக்குத் தொழில் கற்பித்த வெரோக்கியோ என்னும் சிற்பியின் பட்டறையிலே செதுக்கப்பட்டது அது. பலகையின் ஒரு பாதியிற் கட்டிலொன்று தோன்றுகிறது. அதன்மேல் ஒரு பெண், பிறர் தாங்க அமர்ந்திருக்கிறாள். உயிர் பிரியும் வேளை. சூழ நிற்கும் மகளிர் தலைவிரி கோலமாய் அரற்றுகின்றனர். மறு பாதியில், துணியிற் பொதிந்த சிசுவை ஒருத்தி ஏந்தி வந்து தந்தையின் முன் காட்டுகிறாள்.

இறக்கும் பெண் பிரான்செஸ்கா பித்தி என்று வரலாற்றறிஞர் கொள்வர். அவள் 1477ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் உரோமாபுரியில் மகப்பேற்றின்போது மாண்டாள். கணவர் ஜியோவன்னி தொர்னபுவோனி, மெடிச்சி குடும்பத்தாரின் உரோம வங்கியை நடத்தியவர். புளோரன்ஸ் நகரத்தைத் தம் சொற்படி நடத்திய லொரென்சோ டி மெடிச்சி அவருடைய உடன்பிறந்தாள் மகன். மனைவியும் போய்ப் பிள்ளையும் பிழைக்காத இரட்டைத் துயரைக் கூறி அவர் லொரென்சோவுக்கு எழுதிய மடல் இன்றும் உள்ளது. செல்வமும் மருத்துவரும் ஏவலரும் குறைவற இருந்த வீட்டிலே நிகழ்ந்த சாவு அது.

மறுமலர்ச்சிக் காலத்துப் புளோரன்ஸ் என்றவுடன் பாடநூல்கள் நினைவூட்டுவன வேறு. 1436இல் நிறைவெய்திய தலைமைக் கோயிலின் குவிமாடம், வங்கிகள், பட்டு வணிகம், கிரேக்க நூல்களைத் தேடியெடுத்த புலவர்கள் என்று அப்பட்டியல் நீளும். ஆயினும் அதே நகரத்து வீடுகளின் உள்ளே, தெருவிற் செல்வோர் கண்ணிற் படாத ஓர் அறை இருந்தது. பெண்கள் சூலுற்றுப் பிள்ளை பெற்றுத் தேறிய அறை அது. அவ்வறைக்கும் ஓவியன் வந்தான். பின்னர்க் குயவனும் வந்தான். கருவுற்றவளின் அச்சத்தை அடக்கவும், அவள் மனத்தை நன்னினைவில் நிறுத்தவும் வண்ணமும் வடிவமும் உதவும் என்று அந்நகரத்தார் நம்பினர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அந்நம்பிக்கைக்காகப் பொருள் செலவிட்டனர். தொர்னபுவோனி குடும்பத்துப் பெண்கள் மூவரின் கதையோடு சேர்த்து நோக்கின் அதன் இயல்பு நன்கு விளங்கும்.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1348இல் ஐரோப்பாவைச் சூறையாடிய கருங்கொள்ளை நோய் புளோரன்சின் மக்களுட் பாதிப்பேரை, ஒருவேளை அதற்கும் மேற்பட்டோரை, வாரிக்கொண்டு போயிற்று. நோய் ஒருமுறை வந்து ஒழிந்து போகவுமில்லை. 1363இலும் 1400இலும், இடையிலும் பின்னும் பலமுறை மீண்டும் மீண்டும் வந்தது. 1427இல் நகர ஆட்சியினர் வரிவிதிப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுத்தனர். அப்போது நகரத்துள் இருந்தோர் ஏறத்தாழ 37,000 பேரே. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இருந்த தொகையின் பாதிகூட இல்லை. வீடுகள் வெறிச்சோடின, குலங்கள் வாரிசின்றி அற்றன. பிள்ளை வேண்டும், அதிலும் ஆண்பிள்ளை வேண்டும் என்ற தவிப்பு அந்நகரத்தைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

அத்தவிப்பின் சுமை முழுவதும் பெண்ணின்மேல் விழுந்தது. பதினாறு, பதினெட்டு வயதில் மணமுடித்தவள் ஆண்டுக்கொரு முறை, இரண்டாண்டுக்கொரு முறை கருவுற்றாள். கோரோ தாத்தி என்ற பட்டு வணிகர் தம் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் வரவு செலவோடு குடும்பச் செய்திகளையும் எழுதி வைத்தார். அவர் ஒருவர்பின் ஒருவராக நான்கு பெண்களை மணந்தவர். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தந்தையானவர். அவருடைய மூன்றாம் மனைவி ஜினெவ்ரா பேற்று வேதனையிலே உயிர்நீத்தாள். பிறந்த பிள்ளைகளுட் பெரும்பாலோர் சிறுவயதிலேயே இறந்தனர். சரக்கு வந்ததும் கடன் தீர்த்ததும் எழுதிய அதே மையில் அவர் இச்சாவுகளையும் எழுதியிருக்கிறார். அப்புத்தகத்தைப் புரட்டுபவர் அவரைக் கல்நெஞ்சர் என்று எண்ணிவிடலாகாது. அத்தனை முறை எழுத நேர்ந்தவனின் கை அப்படித்தான் எழுதும்.

கருவுற்ற பெண்கள் பலர் பேறுகாலம் நெருங்குமுன் நொத்தாரிசை அழைத்து மரணசாதனம் எழுதுவித்தனர். தொட்டிலுக்குத் துணி தைக்கும் அதே வாரத்தில் தன் உடைமை யாருக்கு என்றும் சொல்லி வைக்கவேண்டிய நிலை. துணைக்கு இருந்தோர் மருத்துவிச்சியும் புனிதர்களுமே. பறவைநாகம் விழுங்க, அதன் வயிற்றிலிருந்து சேதமின்றி வெளிப்பட்டாள் என்று கதை வழங்கும் புனித மார்கரீத்தாவே பேற்று வேதனைப்படுவோருக்குக் காவல். அவள் வரலாறு எழுதிய ஏட்டை வேதனைப்படுபவளின் வயிற்றின்மேல் வைத்து வாசிப்பதும் வழக்கமாயிருந்தது.

மருத்துவர் கூறிய நெறியும் இதனோடு சேர்ந்தது. உடல்நலம் காற்று, உணவு, உறக்கம், உழைப்பு, கழிவு, மனவெழுச்சி என்னும் ஆறின் சமநிலையில் நிற்பது என்று கிரேக்க மரபுவழி வந்த மருத்துவம் போதித்தது. எனவே கருவுற்றவளுக்கு உணவு விதி சொன்ன மருத்துவன் மனத்துக்கும் விதி சொன்னான். கடுஞ்சினம், திடுக்கீடு, நெடுந்துயர் ஆகியன ஆகா. அளவான மகிழ்ச்சி வேண்டும். பெராரா நகரத்து அரசவை மருத்துவரான மிக்கேலே சவனரோலா 1460ஆம் ஆண்டளவில் அந்நகரத்துப் பெண்களுக்கென்றே சூல்காலப் பேணுகை பற்றி ஒரு நூல் செய்தார். மருத்துவ நூல்கள் இலத்தீனிலே எழுதப்பட்ட காலத்தில் பெண்களும் மருத்துவிச்சிகளும் விளங்கிக்கொள்ளும்படி நாட்டு மொழியிலே அதனை எழுதியது அவருடைய பெருமை. பிற்காலத்திற் புளோரன்சையே தம் பிரசங்கத்தால் உலுக்கிய துறவி சவனரோலா இவருடைய பேரன்.

மனம் உடலைப் பாதிக்கும் என்பதோடு அக்காலத்தார் நிற்கவில்லை. தாய் காண்பது பிள்ளையின் உருவிலே படியும் என்றும் நம்பினர். யாக்கோபு தோலுரித்த கோல்களை மந்தையின் முன் நிறுத்திப் புள்ளியும் வரியுமுள்ள குட்டிகளைப் பெற்ற ஆதியாகமக் கதையை அவர்கள் சான்று காட்டினர். அபிமன்யுவின் கதையைக் கேட்டு வளர்ந்த நேயர்களுக்கு இந்நம்பிக்கையின் சாயல் புதிதாயிராது. கட்டடக்கலை பற்றி லெயோன் பத்திஸ்தா அல்பேர்ட்டி எழுதிய பெருநூல் 1485இற் புளோரன்சில் அச்சேறியது. கணவனும் மனைவியும் கூடும் அறையிலே மாண்பும் அழகும் வாய்ந்த மனிதரின் உருவங்களை மட்டுமே தூக்கிவைக்கவேண்டும் என்று அவர் அந்நூலில் அறிவுரை கூறுகிறார். கருத்தரிப்புக்கும் பிறக்கும் பிள்ளையின் தோற்றத்துக்கும் அது பெரிதும் உதவும் என்று சொல்கிறார்களாம். கண்ட உருவம் கருவிற் படியும் என்பதை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. தாயின் நீடித்த அச்சமும் கவலையும் அவளையும் கருவையும் தாக்கக்கூடும் என்பதை ஏற்கிறது. அக்கால மருத்துவர் காரணம் சொன்னதிற் பெரும்பகுதி பிழை. மனத்தைக் கவனி என்று சொன்னது பிழையன்று.

இந்நம்பிக்கைகளின் நடுவே பிறந்ததுதான் பேற்றுத் தட்டம். இத்தாலியர் அதனைத் தெஸ்கோ த பார்த்தோ என்றனர். மரத்தாலான தட்டம், ஒரு கை நீளத்துக்குக் குறையாத அகலம், சுற்றிலும் சற்று உயர்ந்த விளிம்பு. முற்பட்டவை பன்னிரண்டு பட்டமுடையன, பிற்பட்டவை வட்டமானவை. இரு முகத்திலும் ஓவியம் தீட்டப்படும். பிள்ளை பெற்றவளுக்குக் கோழிச்சாறும் முட்டையும் இனிப்பும் திராட்சை மதுவும் இதன்மேல் வைத்து, துணி விரித்து மூடிக் கொண்டுசென்றனர். அந்தப் பணி முடிந்தபின் தட்டத்தை எறிந்துவிடவில்லை. படுக்கையறைச் சுவரிலே படமாகத் தூக்கினர். இறந்தவரின் சொத்தைக் கணக்கிட்ட அதிகாரிகளின் பொருள் இடாப்புகளிற் கட்டில், பெட்டகம், மெத்தை என்னும் வரிசையிலே பேற்றுத் தட்டமும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். பெருஞ்செல்வர் வீட்டில் மட்டுமன்று. சாதாரண வணிகர், கைத்தொழிலாளர் வீடுகளிலும் அது இருந்தது. இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையன 14ஆம் நூற்றாண்டின் கடைக்கூற்றைச் சேர்ந்தவை. அதாவது, கொள்ளைநோய்க்குப் பிந்திய தலைமுறையைச் சேர்ந்தவை.

இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். பேற்றுக்குப்பின் உணவு கொண்டுவரும் பொருளாயினும், தட்டம் பேற்றுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும். முதற்பேற்றுக்கென வந்தது இரண்டாம் சூலின்போதும் மூன்றாம் சூலின்போதும் சுவரில் இருக்கும். ஆகவே, கருச்சுமந்த மாதங்கள் முழுவதும் அவள் காலையிற் கண்விழிக்கும்போதும் இரவிற் கண்ணயரும்போதும் கண்டது அந்தப் படத்தையே. இனி நிகழப்போவதை முன்னரே நிகழ்ந்து முடிந்ததாக, நல்லபடி முடிந்ததாக, அது அவளுக்குக் காட்டியது.

என்ன காட்டியது? மசாச்சியோ வரைந்ததெனக் கருதப்படும் வட்டத் தட்டமொன்று பேர்லின் நகரத்திலே உள்ளது. 1427ஆம் ஆண்டளவினது. குறுக்கே 56 சதமமீற்றர். அக்காலத்துப் புதிய பாணியில் அமைந்த தூண்களும் வளைவுகளும் உள்ள முற்றம்; அப்பாற் பேற்றறை. தாய் கட்டிலில் இருக்கிறாள். தாதிகள் சிசுவைப் பேணுகின்றனர். வருகை தரும் பெண்கள் வரிசையாக உள்ளே நுழைகின்றனர். இடப்புறத்திற் புளோரன்சின் அல்லிக் கொடி தொங்கும் எக்காளங்களை ஊதுவோர். அவர்கள் பின்னே பரிசு சுமந்துவருவோருள் ஒருவன் கையிற் பேற்றுத் தட்டமே இருக்கிறது. படத்தினுள் அதே பொருளின் படம். உள்ளறையிலே கணவன் இல்லை, மருத்துவனும் இல்லை. ஆண்கள் வாயிலோடு நின்றுவிட்டனர்.

இதுதான் இத்தட்டங்கள் பலவற்றின் பொதுக் காட்சி. பேற்றின் வேதனையை எந்த ஓவியனும் வரையவில்லை. குருதியும் கூக்குரலும் கடந்தபின் உள்ள முதல் அமைதியையே வரைந்தான். தாய் தலையணையிற் சாய்ந்து, உடைமாற்றி, தலைவாரி இருக்கிறாள். நீர் வார்க்கும் பெண், சிசுவைக் குளிப்பாட்டும் பெண், தட்டில் உணவு ஏந்தும் பெண், சேதி விசாரிக்க வந்த அயல்வீட்டுப் பெண் என்று அறை நிறைந்திருக்கிறது. நீ தனியே இருக்கப்போவதில்லை என்பதே அப்படங்கள் கருவுற்றவளுக்குச் சொன்னதன் சாரம். அக்காலப் பெண்ணுக்கு ஓவியன் தரக்கூடிய ஆறுதல்களுள் இதற்கு மேலானது இருந்திருக்க முடியாது.

தட்டத்தின் பின்புறமோ வேறொன்றைச் சொல்லிற்று. அங்கே பெரும்பாலும் ஆண்குழந்தைகள் அம்மணமாய் விளையாடுகின்றனர், மல்லுக்கு நிற்கின்றனர், விதைமிகுந்த கசகசாக் காய்களை ஏந்துகின்றனர். பார்த்தொலொமேயோ தி புருவோசினோ என்ற ஓவியர் 1428 ஏப்பிரல் 25 என்று நாள் பொறித்த தட்டமொன்று செய்தார். அதன் பின்புறத்துச் சிறுவன் பெய்யும் சிறுநீர் பொன்னும் வெள்ளியுமாம். அப்படியே விளிம்பில் எழுதியும் இருக்கிறது. நேயர்கள் முகஞ்சுளிக்கத் தேவையில்லை. பிள்ளை வந்தாற் செல்வமும் வரும் என்பதை அக்காலத்தார் கூச்சமின்றிச் சொன்ன முறை அது. அதே விளிம்பில், பிள்ளை பெறும் பெண்கள் எல்லோருக்கும் இறைவன் நலம் அருளுக, களைப்பும் இடரும் இன்றிப் பேறு நிகழ்க என்னும் கருத்துப்பட ஒரு வேண்டுதலும் உண்டு. தட்டத்தை வாங்கிய வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் அன்று, எல்லாப் பெண்களுக்கும் நலம் வேண்டிய அந்தக் கையெழுத்தை மன்னித்துவிடலாம். சிறுவனையும் அதன்பொருட்டு மன்னித்துவிடலாம்.

எல்லாத் தட்டங்களும் பேற்றறையையே காட்டின என்றும் இல்லை. காதற் சோலைகள், பாரிசின் தீர்ப்பு, சூசன்னாளின் கதை, சாலமோன் மன்னனும் சேபா அரசியும் ஆகியவையும் வந்தன. தேவதை நீராடுவதைக் கண்ட குற்றத்துக்காக மானாக மாற்றப்பட்டுத் தன் நாய்களாலேயே கிழிக்கப்பட்ட அக்தேயோனின் கதையும் ஒரு தட்டத்தில் வருகிறது. அதனைப் பார்த்துச் சூல்கொண்ட பெண்ணுக்கு என்ன ஆறுதல் பிறக்கும் என்று தெரிந்தெடுத்தவரைக் கேட்கத்தான் தோன்றுகிறது. பரிசு கொடுப்போர் வாங்குபவரின் மனத்தை எக்காலத்தும் சரியாக அளந்ததில்லை.

தட்டங்களுட் பெரும் புகழ் பெற்றது 1449ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு சனவரி முதலாம் நாள் பியேரோ டி மெடிச்சிக்கும் லுக்ரெசியா தொர்னபுவோனிக்கும் மூத்த மகன் லொரென்சோ பிறந்தான். மேலே கூறப்பட்ட ஜியோவன்னி தொர்னபுவோனியின் உடன்பிறந்தாளே இந்த லுக்ரெசியா. தட்டத்தை வரைந்தவர் மசாச்சியோவின் தம்பி. ஜியோவன்னி தி செர் ஜியோவன்னி என்பது அவருடைய முழுப்பெயர். ஊரார் அவரை ஸ்கெஜ்ஜா, அதாவது மரச்சிராய், என்று அழைத்தனர். உலகவுருண்டையின்மேற் புகழ்த்தெய்வம் ஒரு கையில் வாளும் மறுகையிற் காமன் சிலையும் ஏந்தி நிற்க, சுற்றிலும் குதிரைவீரர் கைநீட்டி அதற்குப் பணிகின்றனர். பின்புறத்தில் மெடிச்சி குடும்பத்தின் வைர மோதிரமும் மூன்று தீக்கோழிச் சிறகுகளும், இரு குடும்பத்தாரின் கேடயச் சின்னங்களும். பேற்றறை இல்லை, தாதியர் இல்லை, கோழிச்சாறு இல்லை. பிறந்த நாளிலேயே பிள்ளையின் தலைமேல் உலகை ஏற்றிவைத்த தட்டம் இது. தாய்க்கு இது அளித்தது ஆறுதலா, சுமையா என்று கேட்பது தகும். லொரென்சோ அதனைச் சாகும்வரை தம் அறையிலேயே வைத்திருந்தார். 1492இல் அவர் இறந்தபோது எடுத்த இடாப்பிலே அது உண்டு. மெடிச்சிகள் நாடுகடத்தப்பட்டபின், 1495இல் அவர்களுடைய பொருள்கள் ஏலம் போனபோது தட்டமும் விலைப்பட்டது. 1995 முதல் அது நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் நூதனசாலைக்கு உரியது.

லுக்ரெசியா பிறர் வரைந்ததைப் பார்த்திருந்ததோடு அமைந்தவளல்லள். அவள் ஒரு புலவி. யூதித்து, எஸ்தர், சூசன்னா ஆகிய பெண்களின் கதைகளையும் தோபியாவின் கதையையும் திருமுழுக்கு யோவானின் வரலாற்றையும் நாட்டு மொழியிலே செய்யுளாக்கினாள். பெருநகரத்து அரசியல் அவளுடைய கணவனின் கையிலும் பின்னர் மகனின் கையிலும் இருந்தது; ஏழைகளின் விண்ணப்பங்கள் அவள் கையில் வந்தன. யோவானின் வரலாறு மலடி எனப்பட்ட முதியவள் எலிசபெத்து கருவுறுவதிலே தொடங்குகிறது. பல முறை கருவுற்று, பெற்ற பிள்ளைகளைப் புதைத்தும் வளர்த்தும் அறிந்த ஒரு தாய் அக்கதையைத் தானே எடுத்துச் சொன்னாள் என்பது சிறிய செய்தியன்று. தட்டங்களைத் தீட்டியவர் அனைவரும் ஆடவர். செலவு செய்தவரும் பெரும்பாலும் ஆடவர். அந்நகரத்துப் பேற்றறையை அறிந்த ஒரு பெண் அதுபற்றித் தன் சொல்லால் இயற்றிய படைப்பு என்ற வகையில் லுக்ரெசியாவின் செய்யுளுக்குத் தனி மதிப்பு உண்டு. அவள் 1482இற் காலமானாள்.

செய்யுள் இயற்றத் தெரியாதவளுக்கு ஊசியும் நூலும் இருந்தன. இடாப்புகளிலே பேற்றுக்கென்றே தனியாக வைத்த மேலங்கி, பூவேலை செய்த தலையணையுறை, விரிப்பு, சிசுவைச் சுற்றும் துணி என்பன குறிக்கப்பட்டுள்ளன. இவற்றுட் சில கடையில் வந்தவை. பல வீட்டுப் பெண்களின் கையால் ஆனவை. மரத்தட்டம் நூதனசாலைக்குப் போய்ச்சேர்ந்தது. துணி கிழிந்து போயிற்று. வரலாறு எழுதுவோர் தட்டத்தைப் பற்றி நிறையச் சொல்லித் துணியைப் பற்றிக் குறைவாய்ச் சொல்வதற்கு இதுவே காரணம். சூல்கொண்ட மாதங்களில் அவள் மனத்தைத் தாங்கிப்பிடித்தது, சுவரில் தொங்கிய புகழ்த்தெய்வத்தைக் காட்டிலும், மடியிற் கிடந்த அந்தச் சிறு தையலாகவே இருத்தல் கூடும்.

16ஆம் நூற்றாண்டிலே மரத்தட்டம் மெல்ல அருகிற்று. பொந்தோர்மோ போன்ற பெரிய ஓவியர் அதன் பிற்பகுதியில் வந்தார். அவர் தீட்டிய தட்டமொன்று உஃபீசிக் கூடத்தில் உள்ளது. மரத்தின் இடத்தை மட்கலம் பிடித்தது. வெள்ளை மெருகின்மேல் நீலமும் மஞ்சளும் பச்சையும் தீட்டிச் சூளையிட்ட இக்கலங்களை மயோலிக்கா என்பர். காஸ்தெல் துராந்தே என்ற ஊரவரான சிப்ரியானோ பிக்கொல்பாசோ 1557ஆம் ஆண்டளவிற் குயவர் தொழில் பற்றி மூன்று பாகமுள்ள நூலொன்று எழுதினார். கையெழுத்துப் பிரதி இலண்டன் விக்ரோரியா அல்பேட் நூதனசாலையிலே இருக்கிறது. அதிலே பேற்றுக் கலத்தொகுதியை அவர் படம் வரைந்து விளக்குகிறார். அடியிற் சாறு ஊற்றும் கிண்ணம். அதற்கு மூடியாகவும் தட்டாகவும் பயன்படும் பலகைக் கலம். அதன்மேற் கவிழ்த்த குடிகலம். அதன் அடியின்மேல் உப்புச் சிமிழ். உச்சியில் அதன் மூடி. ஐந்தும் ஒன்றன்மேலொன்று அமர்ந்தால் ஒரே குடம்போலத் தோன்றும். ஒன்பது கலமுள்ள தொகுதியும் உண்டாம்.

இக்கலங்களின் நயம் அவை பயன்படும் முறையில் இருந்தது. கிண்ணத்தின் உட்புறத்திலே பேற்றறைக் காட்சி தீட்டப்பட்டிருக்கும். படுக்கையிலிருப்பவள் சாற்றைப் பருகப் பருக, கலங்கலின் அடியிலிருந்து முதலிற் கட்டிலின் தலைப்புறமும் பின்னர்த் தாதியரும் ஈற்றிற் குழந்தையும் வெளிப்படுவர். பேற்றினாற் களைத்தவளை முழுவதும் குடிக்கச் செய்வதற்கு அக்குயவன் கண்டுபிடித்த உபாயம் எந்த மருத்துவனுடைய கட்டளைக்கும் குறைந்ததன்று.

இத்தனை கலைக்கும் நடுவே சாவும் தன் வழியிற் சென்றது. மனைவியை இழந்த ஜியோவன்னி தொர்னபுவோனி 1485இல் சாந்தா மரியா நொவெல்லா கோயிலின் பெரிய வழிபாட்டிடத்தைச் சுவரோவியத்தால் அலங்கரிக்கும்படி தொமேனிக்கோ கிர்லாந்தையோ என்ற ஓவியருடன் ஒப்பந்தம் செய்தார். ஒருபுறச் சுவரில் மரியாளின் வரலாறு, மறுபுறத்தில் யோவானின் வரலாறு. இரண்டிலும் பேற்றறைக் காட்சி உண்டு. இரண்டும் புளோரன்சின் செல்வர் வீட்டறைகளாகவே தீட்டப்பட்டுள்ளன. எலிசபெத்து கட்டிலில் நிமிர்ந்து அமைதியாய் அமர்ந்திருக்கிறாள். ஒருத்தி தட்டில் நீரும் மதுவும் ஏந்தி நிற்கிறாள். வலப்புறமிருந்து மற்றொருத்தி தலையிற் பழக்கூடையுடன், ஆடை காற்றிற் பறக்க, விரைந்து உள்ளே வருகிறாள். பேற்றிலே மனைவியைப் பறிகொடுத்தவர் பணம் கொடுத்து வரைவித்த காட்சிகள் இவை. எட்டாண்டுக்கு முன் உரோமாபுரியிலே அவர் வீட்டறையில் நிகழாது போனதெல்லாம் இச்சுவர்களில் நிகழ்கிறது.

யோவானின் சுவரிலேயே இன்னொரு காட்சி, மரியாள் எலிசபெத்தைச் சந்திப்பது. கருவுற்ற இளையவள் கருவுற்ற முதியவளைக் காணவந்து இருவரும் கைபற்றி நிற்கின்றனர். பக்கத்தில் நிற்கும் பெண்களுள் ஒருத்தி, பொன்னிழைப் பட்டுடுத்தி, கழுத்து நிமிர்ந்து, பக்கவாட்டாக நிற்கிறாள். அவள் ஜியோவன்னா தெலி அல்பீசி. ஜியோவன்னியின் மகன் லொரென்சோ தொர்னபுவோனியின் மனைவி. 1486இல் அவர்களின் திருமணம் நகரமே திரண்ட விழாவாய் நடந்தது. 1487 ஒக்டோபரில் ஆண்மகவு பிறந்தது. மறு ஆண்டு மீண்டும் கருவுற்றாள். 1488 ஒக்டோபரில், இருபது வயது நிரம்புமுன், வயிற்றிற் கருவோடு இறந்தாள். சுவரோவியம் 1490இல் முற்றுப்பெற்றது. மாமியார் போன வழியிலே மருமகளும் போனாள்.

கிர்லாந்தையோ அவளைத் தனியே ஒரு பலகையிலும் வரைந்தார். 1488 என்னும் ஆண்டு அப்படத்திலே உரோம எண்ணிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்று மத்ரித் நகரத்துத் தீசன் நூதனசாலையில் உள்ளது. சுவரோவியத்தில் நின்ற அதே நிலை, அதே பட்டு. பின்னாலுள்ள மாடத்திலே ஓர் அணிகலன், ஒரு செபப்புத்தகம். மேலே செம்பவள மணிக்கோவையொன்று தொங்குகிறது. சிறுபிள்ளைகளைத் தீங்கிலிருந்து காக்குமென்று அந்நாட்டார் பவளத்தை நம்பினர். அருகே ஒட்டிய தாளில், குணத்தையும் உள்ளத்தையும் வரையக் கலையினால் இயலவில்லையே என்று ஏங்கும் இலத்தீன் வாசகமொன்று.

கணவன் சிறிது காலத்தின்பின் வேறொருத்தியை மணந்தான். 1497 ஓகஸ்ட் மாதத்தில், மெடிச்சிகளை மீட்டுக் கொண்டுவரச் சதிசெய்த குற்றத்துக்காக அவன் தலை வெட்டப்பட்டது. அதன்பின் வீட்டுப் பொருள்களைக் கணக்கெடுக்க வந்தவர்கள் அறை அறையாகச் சென்று எழுதினர். அவனுடைய அறையிலே, பொன்னிட்ட சட்டத்துள் ஜியோவன்னாவின் தலையும் மார்பும் உள்ள படமொன்று என்று அவர்கள் குறித்திருக்கின்றனர். இரண்டாம் மனைவி வந்து சில ஆண்டுகள் கழிந்தபின்னும் அது இருந்த இடத்திலேயே இருந்தது.